மாணவர் ஃபீட்பேக்கும் என் சம்பளமும்: நான் இழந்தது, கற்றது

சுயநிதி பொறியியல் கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் ஃபீட்பேக்கில் போட்ட மதிப்பெண்ணைக் காட்டி முதலில் என் ஆண்டு இன்க்ரிமென்ட்டை நிறுத்தினார்கள். பிறகு மாதச் சம்பளத்திலேயே ஒரு பகுதியைப் பிடித்தார்கள். ஒரு வருடக் கணக்கில் என் கையை விட்டுப் போனது 60,000 ரூபாய். யாரிடம் கேட்பது, எந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்வது, எதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஒருவரும் இல்லை. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிலர் என்னிடம் இதே கதையைச் சொல்லி "என்ன செய்யலாம் மேடம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் ஆசிரியரைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. வகுப்புக்கே வராமல் அட்டெண்டன்ஸ் போடும் ஆசிரியரையும், பிள்ளைகளை மரியாதை இல்லாமல் பேசும் ஆசிரியரையும் நானே பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் மாணவர்தான் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். அந்தக் கருத்தைச் சம்பளத்தில் கொண்டுபோய்க் கட்டியதைத்தான் எதிர்க்கிறேன்.

ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்கு முன் நடக்கும் ஸ்டாஃப் மீட்டிங்கில்தான் அறிவித்தார்கள். இனி சம்பளத்தில் 85 சதவீதம் நிலையானது, மீதி 15 சதவீதம் 'பெர்ஃபார்மன்ஸ் பே'. ஃபீட்பேக் சராசரி 5-க்கு 3.75 வர வேண்டும். ஒரு செமஸ்டர் குறைந்தால் அந்த வருட இன்க்ரிமென்ட் கிடையாது. அடுத்த செமஸ்டரும் குறைந்தால் ஆறு மாதத்துக்குப் பெர்ஃபார்மன்ஸ் பே கிடையாது. என் சம்பளம் 40,000 என்பதால் எனக்கு அந்த 15 சதவீதம் 6,000 ரூபாய். திரையில் காட்டியபோது கூடுதலாக ஏதோ தரப்போவதைப் போலத்தான் இருந்தது. முந்தைய மாதம் வரை முழுதாக வாங்கிய அதே சம்பளத்தைத்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2009 வாக்கில் மாணவர் மதிப்பீட்டை மட்டுமே வைத்து ஆசிரியர்களுக்கு 10,000 டாலர் வரை பரிசுத்தொகை கொடுத்தது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் அதில் சேர்ந்தார்கள். அதையே நிறையப் பேர் குறை சொன்னார்கள், ஆனால் அங்கே கொடுத்தது சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை. எங்களுக்கு நடந்தது எங்கள் பணத்தை எடுத்து எங்களிடமே பரிசாகக் காட்டியது. உங்கள் கல்லூரியில் இப்படி மீட்டிங் நடந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். என் நியமன ஆணையில் 'நிர்வாகம் அவ்வப்போது முடிவு செய்யும் விதிகளுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருந்தது, பின்னால் எல்லாவற்றுக்கும் அதையே காட்டினார்கள். வேலையில் சேரும்போதே அந்த ஆணையின் நகலையும், மாதாமாதம் சம்பளச் சீட்டையும் வீட்டில் ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த செமஸ்டர் எனக்கு இரண்டாம் ஆண்டுக்கு எம்-3, அதாவது மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஃபூரியர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், கடைசியில் இசட் டிரான்ஸ்ஃபார்ம். அரியர் அதிகம் விழும் பேப்பர்களில் ஒன்று. இன்னொரு சிக்கலும் உண்டு. டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வரும் பிள்ளைகள் நேராக இரண்டாம் ஆண்டில் உட்காருகிறார்கள். எம்-1, எம்-2 படிக்காமல் அவர்கள் எழுதும் முதல் கணக்குப் பேப்பரே இதுதான். யாருக்கு எந்தப் பாடம் ஒதுக்குவது என்பது துறைத்தலைவர் கையில் இருக்கிறது. முதலாம் ஆண்டில் எளிதான பேப்பர் எடுப்பவருக்கும் எம்-3 எடுப்பவருக்கும் ஒரே 3.75. இதை அப்போதே எழுத்தில் கேட்டிருந்தால் பின்னால் உதவியிருக்கும் என்று இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாட ஒதுக்கீட்டு மின்னஞ்சலுக்கு, 'இந்தப் பேப்பரின் கடந்த ஆண்டுகளின் தேர்ச்சி சதவீதத்தையும் ஃபீட்பேக்கோடு சேர்த்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்' என்று ஒரு வரி பதில் போட்டால் போதும்.

ஃபீட்பேக் எடுத்த நாளைச் சொல்ல வேண்டும். இரண்டாவது இன்டர்னல் மார்க் கொடுத்து, 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லாதவர்கள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அதே வாரம் அது. பட்டியலில் கையெழுத்து என்னுடையது. ஃபீட்பேக் போட்டால்தான் ஹால் டிக்கெட் டவுன்லோடு ஆகும் என்று போர்ட்டலில் அமைத்திருந்ததால், கம்ப்யூட்டர் லேபில் வரிசையாக உட்கார வைத்துப் போடச் சொன்னார்கள். எட்டு பாடம், ஒவ்வொன்றுக்கும் இருபது கேள்வி. மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு எழுந்து போனதைப் பற்றி மாணவர்களே பிற்பாடு வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த அவசரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். என் மதிப்பெண் 3.6 வந்தது. டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது: 'தங்கள் கற்பித்தல் தரம் எதிர்பார்த்த அளவில் இல்லாததால் வரும் ஜூலை முதல் ஆண்டு உயர்வு வழங்கப்பட மாட்டாது.' மாதம் 2,000, வருடத்துக்கு 24,000.

பணத்தைவிட அந்த 'தரம்' என்ற சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. கரும்பலகை முன்னால் நிற்கும்போதே, பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பற்றித்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. வீட்டில் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமனார் "புரமோஷன் எப்பம்மா?" என்று கேட்டார், சீக்கிரம் வரும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். ஜூலையில் மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்ட இரண்டு வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்தபோதுதான் கணவருக்கு முழுதாகத் தெரிந்தது. "இதை ஆறு மாசமா மனசுல வச்சுட்டா இருந்த?" என்று கேட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு நடந்தால் வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமக்கும்போது நாமே அந்தக் கடிதத்தை நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

இதற்கு நடுவில், அடுத்த செமஸ்டரில், துறையே மாறிப்போனது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு நல்ல மனதோடுதான் சொன்னார்: "மேடம், கொஞ்சம் தாராளமா இருங்க. இன்டர்னல்ல கையை இறுக்காதீங்க. அப்புறம் எல்லாம் தானா சரியாயிடும்." முன்பு இன்டர்னலுக்கு 20 மதிப்பெண்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு 40 ஆக்கிவிட்டார்கள். அந்த 40 ஆசிரியர் கையில், ஆசிரியரின் சம்பளம் மாணவர் கையில். ஃபீட்பேக் வாரத்துக்கு முன்னால் முக்கியக் கேள்விகள் பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். கடினமான யூனிட்டை ஃபீட்பேக் முடிந்த பிறகு ஆரம்பிப்பார்கள். அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களுக்கு 'ஆன் டியூட்டி' (கல்லூரி வேலையாகப் போனார்கள் என்று) போட்டுச் சரிக்கட்டுவார்கள். வகுப்பில் இனிப்பு கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டுக் கடன் கட்டுபவர்கள், குழந்தையைப் படிக்க வைப்பவர்கள். முன்பெல்லாம் ஸ்டாஃப் ரூமில் "இந்தக் கணக்கை எப்படிச் சொன்னா புரியுது?" என்று பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சு நின்று, யாருக்கு எத்தனை புள்ளி என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. அந்த செமஸ்டரில் புள்ளியியல் பேப்பரில் எனக்கு 3.7 வந்தது. ஜூலை முதல் ஆறு மாதம், மாதம் 6,000 பிடித்தம். 36,000.

அந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் நான் கேட்டது கேள்விவாரியான விவரம்: எத்தனை பேர் போட்டார்கள், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் 5 போட்டார்கள், எத்தனை பேர் 1 போட்டார்கள். ஐக்யூஏசி எனப்படும் கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் முதலில் தயங்கினார், எழுதிக் கொடுத்த பிறகு மாணவர் பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தந்தார். எம்-3 வகுப்பில் 60 பேர். ஒட்டுமொத்த மதிப்பீட்டுக் கேள்வியில் 52 பேர் 4 போட்டிருந்தார்கள், 8 பேர் 1 போட்டிருந்தார்கள். கூட்டினால் 216, அறுபதால் வகுத்தால் 3.6. அறுபதில் ஐம்பத்திரண்டு பேர் 'நன்று' என்று சொன்ன வகுப்பு அது. சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் அந்த ஐம்பத்திரண்டு பேரும் காணாமல் போயிருந்தார்கள். அந்த 8 பேர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. நீங்களும் முயலாதீர்கள், அதில் இறங்கினால் வகுப்பில் நிற்க முடியாது. இன்னொன்றும் கிடைத்தது. 'ஆய்வகக் கருவிகளை ஆசிரியர் தெளிவாக விளக்கினார்' என்ற கேள்வி என் படிவத்திலும் இருந்தது. கணக்குப் பேப்பருக்கு லேபே கிடையாது. நிறையப் பேர் அதற்கும் 2 போட்டிருந்தார்கள். அதனால் விவரம் கேட்காமல் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுத உட்காராதீர்கள்.

அதன் பிறகு படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில்தான் வகுப்புகளுக்குப் பிரிக்கிறார்கள், எல்லா வகுப்புக்கும் ஒரே தேர்வு. அந்தத் தரவை வைத்து கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல மதிப்பீடு வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் எடுத்தார்கள், ஆனால் அதை அடித்தளமாகக் கொண்ட அடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். அவர்கள் பார்த்ததில் முதன்மையானது கால்குலஸ். எனக்கு உடனே எம்-3 தான் நினைவுக்கு வந்தது. ஃபூரியரை மேலோட்டமாக முடித்து அனுப்பினால் அந்தப் பிள்ளை அதை நம்பியிருக்கும் அடுத்த பாடத்தில் போய் விழிக்கும், ஆனால் அதற்குள் எனக்கு இன்க்ரிமென்ட் வந்திருக்கும். ஜெர்மனியில் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களில் சில குழுக்களுக்கு மட்டும் வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிஸ்கட் கிடைத்த குழுக்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டன. வட கரோலினாவில் ஓர் ஆன்லைன் வகுப்பில், துணை ஆசிரியர்கள் இருவர், ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் பாடம் எடுத்திருக்கிறார்கள். திருத்திய விடைத்தாளை எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் கொடுத்தார்கள். அப்படியும் 'சொன்ன நேரத்துக்குத் திருத்தித் தருகிறார்' என்ற கேள்வியில் ஆண் பெயருக்குத்தான் அதிக மதிப்பெண். இதைப் படித்த இரவு ரொம்ப நேரம் விழித்திருந்தேன். என் படிவத்தின் கருத்துப் பகுதியில் என் குரலைப் பற்றியும் புடவையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஆண் ஆசிரியர்கள் யாரும் அப்படி ஒரு கருத்தைப் பார்த்ததாகச் சொன்னதில்லை.

பதில் கடிதத்தில் இதையெல்லாம் கொட்டவில்லை. இரண்டு பக்கத்துக்குள் வைத்தேன். முதலில் என் வகுப்பின் எண்ணிக்கை விவரம், லேப் கேள்வி, ஃபீட்பேக் எடுத்த வாரம். அடுத்து விதிகள். 'நாக் கேட்கிறது, ஏஐசிடிஇ கேட்கிறது' என்பதுதான் நிர்வாகம் எப்போதும் சொல்வது. நாக் (NAAC) என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு, ஏஐசிடிஇ தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அகில இந்திய கவுன்சில். நாக் மாணவர்களிடம் நடத்தும் திருப்திக் கணக்கெடுப்பு கல்லூரியின் கற்பித்தலைப் பற்றியது, தனி ஆசிரியரின் சம்பளத்தைப் பற்றியது அல்ல. ஏஐசிடிஇ 7-வது ஊதியக் குழுவை ஒட்டி 2019-இல் கொண்டுவந்த விதிகளில் '360 டிகிரி ஃபீட்பேக்' உண்டு. அதில் மாணவர் கருத்துக்கு 100-இல் 25 மதிப்பெண்தான். மீதி எடுத்த வகுப்புகள், துறைப் பணி, கல்லூரிப் பணி, ஆண்டு ரகசிய அறிக்கை, சமூகப் பங்களிப்பு என்று பிரிந்திருக்கிறது. எங்கள் கல்லூரி அந்த 25-ஐ 100 ஆக்கியிருந்தது. கடைசியாக, கனடாவில் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-இல் நடுவர் வில்லியம் கேப்லன் கொடுத்த தீர்ப்பைச் சேர்த்தேன். பதவி உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டுச் சராசரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். வெளிநாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் என் கடிதத்தைப் பார்க்கக் கல்லூரி அமைத்த கமிட்டியில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அதைத்தான் நின்று படித்தார்.

வக்கீல் ஒருவரையும் பார்த்தேன். லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சுந்தராம்பாள் வழக்கிலேயே சொல்லிவிட்டது, அந்த வழி அடைபட்டது என்றார். கோபத்தில் ராஜினாமா எழுதிவிடாதீர்கள் என்றும் சொன்னார். ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, 2009-இல் சட்டத்தைத் திருத்திச் சேர்த்திருக்கிறார்கள், ஐந்து வருடம் முடிய எவ்வளவு பாக்கி என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றார். அந்த ஒரு ஆலோசனைக்கே அவருக்குக் கொடுத்த ஃபீஸ் தகும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்திருந்தால் அதையும் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

கமிட்டி கூடியது. பிடித்த பணம் திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த செமஸ்டரிலிருந்து தியரி பாடப் படிவத்தில் லேப் கேள்வியை எடுத்தார்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவர்களின் கருத்தைத் தனியாக வைத்தார்கள். ஃபீட்பேக்கை இன்டர்னல் மார்க் கொடுப்பதற்கு முன்னால் எடுத்தார்கள். சம்பளத்தோடு கட்டியதை மட்டும் அவிழ்க்கவில்லை. ஐந்து வருடம் முடிந்ததும், அந்தக் கல்வியாண்டு முடிவில், முறையாக நோட்டீஸ் கொடுத்து வெளியே வந்தேன்.

அந்தக் கடைசி வருடத்தில் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். செமஸ்டர் தொடங்கி ஒரு மாதத்தில், வகுப்பில் அரைத் தாள் கொடுத்து, பெயர் போடாமல் இரண்டு கேள்விக்கு எழுதச் சொன்னேன்: எந்த இடத்தில் புரியாமல் போகிறது, நான் எதை மாற்ற வேண்டும். மார்க்கும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரு தாளில், 'போர்டு அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குடுங்க மேம்' என்று இருந்தது. சில தாள்களில் கிட்டத்தட்ட ஒரே விஷயம்: 'நாங்க டிப்ளமோ. பெர்னூலி ஃபார்முலான்னு போட்டு ஒரே வரியில முடிச்சிடறீங்க, அது எங்க இருந்து வருதுன்னே தெரியல.' ஃபூரியர் கெழுக்கள் கண்டுபிடிக்க அந்தத் தொகையீட்டு முறை ஒவ்வொரு கணக்கிலும் வரும். பிளஸ் டூ வழியாக வந்தவர்களுக்குப் பழக்கமானது, டிப்ளமோ பிள்ளைகளுக்கு அங்கேயே கதவு சாத்திக்கொள்கிறது. முந்தைய வருடத்து 3.6 இதில் ஒரு வார்த்தையைக்கூட எனக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை முதல் பீரியடில் லேட்டரல் என்ட்ரி பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து, தொகையீடு, பார்ஷியல் ஃப்ராக்ஷன் இரண்டையும் அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். அந்த அரைத் தாள்களைத் தேதி போட்டு இன்றும் ஃபைலில் வைத்திருக்கிறேன். கமிட்டி முன்னால் உட்கார நேர்ந்தால் 'மாணவர் கருத்தை வாங்கி இன்னதை மாற்றினேன்' என்று காட்டவும் அது உதவும்.

புதிய கல்லூரியில் நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்றார்கள். கேட்டேன். ஃபீட்பேக் எந்த வாரம் எடுப்பீர்கள், சராசரி மட்டும் வருமா கருத்துகளும் வருமா, சம்பளத்தில் மாறும் பகுதி எவ்வளவு, குறைந்தால் விளக்கம் கேட்பீர்களா நேராகப் பிடிப்பீர்களா. முதல்வர் கோபித்துக்கொள்ளவில்லை, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சம்பளம் முன்பைவிட 1,500 குறைவு, ஆனால் முழுதும் நிலையான சம்பளம், சேர்ந்துவிட்டேன். நீங்களும் இந்தக் கேள்விகளை நியமன ஆணை கைக்கு வரும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கடிதம் கையில் வந்திருந்தால், 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் போடுங்கள். கடிதத்தில் கெடு இருந்தால் அதற்குள், இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள், கேள்விவாரி விவரம் கேட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் முதல்வர் பெயருக்கு அனுப்பி, ரசீதை நகலோடு பின் போட்டு வையுங்கள்.